பின்னாலிருந்து வரும் குரல்

"அண்ணே, அடுத்தது பிளாஷ்பேக். நாலே லூப், சின்னச் சின்னத் துண்டுதான். முடிச்சுட்டுச் சாப்பிடப் போயிடலாம்" என்று சவுண்ட் என்ஜினியர் கஸ்தூரி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஹெட்போனுக்குள் சொன்னபோது குலசிங்கம் கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை, வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து அவர் காது வரைக்கும் அது விறைத்துக்கொண்டு நின்றது. அவருக்கு அது ஆகாது. ஒரு முழமாவது தளர்ந்து தரையில் சுருண்டு கிடந்தால்தான் மூச்சு ஒழுங்காக வரும், மூச்சு வந்தால்தான் குரல், குரல் வந்தால்தான் சோறு. அரை அடி முன்னால் நகர்ந்து வயரைத் தொங்கவிட்டார். இந்தச் சாலிக்கிராமத்து டப்பிங் அறைகளில் முப்பது வருஷமாக அவர் இப்படித்தான். யாராவது ஏன் என்று கேட்டால் கதை தயாராக இருக்கும். ஒருமுறை ஒரு காண்டாமிருகத்துக்குக் குரல் கொடுத்தாராம், மிருகம் திரையில் பாய இவரும் கூடப் பாய, வயர் அறுந்து கரண்ட் உடம்புக்குள் ஏறி, ஒரு வாரம் அவர் வாயைத் திறந்தாலே மாநிலச் செய்திகள் வந்ததாம். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்த பிறகு யாரும் அதே காரணத்தை இரண்டாம் தரம் கேட்பதில்லை. புளுகில் உள்ள பெரிய வசதி அதுதான், உண்மை சொன்னவனைத்தான் மேலும் மேலும் கேட்டுத் துளைப்பார்கள். குலசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர் என்பது ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் சண்டையைப் பற்றி அவரிடம் யாரும் கண் கலங்கக் கேட்டதில்லை, ஏனென்றால் அவர் சொன்ன சண்டையில் குண்டுகள் மேகத்தில் சிக்கிக்கொண்டு அடுத்த மாரி மழையோடுதான் விழுந்தன. ஆர்மி தேடி வந்தபோது அவர் கோழிக்கூட்டுக்குள் ஒளிந்து கோழியாகவே கேறினார், சந்தேகம் வராமலிருக்க ஒரு முட்டையும் இட்டார். முட்டையின் நிறத்தைக்கூடச் சொல்வார். பழுப்பு.

இப்போது அவர் குரல் கொடுத்துக்கொண்டிருப்பது காண்டாமிருகத்துக்கு அல்ல, மெய்யனுக்கு. 'விண்ணாறு' என்று ஒரு இணையத் தொடர், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாகம், 'நாரை' என்ற விண்கலம் ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்கு அகதிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அதில் மெய்யன் மெக்கானிக். நடித்தவர் கோட்டயத்துக்காரர், உதடு அவருடையது, தொண்டை குலசிங்கத்தினுடையது. பத்துப் பாகம் பேசி முடித்தாகிவிட்டது. இந்தத் தொழிலில் கதையை முழுசாகக் கையில் தருகிற வழக்கம் கிடையாது. வந்து நின்றால் அன்றைக்குள்ள தாள், தாளில் உன் வரி, திரையில் உன் உதடு, அவ்வளவுதான். ஹீரோ சாகப்போகிறானா என்பது ஹீரோவின் குரலுக்குத் தெரியாது. அதனால் மெய்யனைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவனைத் தெரிவது மாதிரி. ஆனால் முதல் பாகத்திலிருந்தே பிடித்துப்போயிற்று. கப்பலில் எத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும் மெய்யன் கடைசி நாற்காலியில்தான் போய் உட்காருவான், பின் ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு. வெளியே போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்களா என்று எண்ணாமல் வாயில் சோறு வைக்க மாட்டான். இயந்திர அறையில் ஒரு கேபிளையும் விறைப்பாக விடமாட்டான், எல்லாவற்றிலும் ஒரு சுருள் தளர்வு. பார், நம்மளைப் போல ஒருத்தன் என்று குலசிங்கம் மனசுக்குள் சொல்லிக்கொண்டார், சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டார், மடையன். அவர் மனைவி தவமலருக்கும் மெய்யன் என்றால் உயிர். வெள்ளி இரவு விளக்குவைத்துச் சாமி கும்பிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள் என்றால் போன வாரம் வரைக்கும் ஒரே கேள்விதான், "இவன் ஏனப்பா எப்பவும் பின்னுக்கே பாத்துக்கொண்டு இருக்கிறான்?" கதை எழுதுகிற அருள்நம்பி வீட்டுக்கு வந்திருந்தபோது அவனிடமே கேட்டாள். அவன் வாய் நிறையப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்புமாக இருந்தான். "பதினொண்ணாவது பாகத்துல தெரிஞ்சுடும்க்கா" என்றான். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்துக்கொண்டான். அது ஞாபகம் வருகிறது இப்போது, அவன் தட்டை நீட்டின விதம், கண்ணை நிமிர்த்தாமல்.

ஏனென்றால் இப்போது குலசிங்கம் தாளைப் படித்துவிட்டார். படித்தது நாலு வரிதான். இருபது வருஷத்துக்கு முந்திய போர், மெய்யன் அப்போது ஒரு இழுவைக் கலத்தில் உதவியாள், பின்னால் எஞ்சின் இல்லாத ஒரு கூண்டைக் கேபிளில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள், கூண்டுக்குள் பதினான்கு பேர், எதிரியின் ரோந்துக் கலம் வெளிச்சம் அடிக்கிறது, சுடுகிறது, எஞ்சின் திணறுகிறது. மெய்யன் கேபிளை அறுக்கிறான். தாளின் மேல் மூலையில் பென்சிலால் 'எமோஷனல், ஆனா அழ வேண்டாம்' என்று எழுதியிருந்தது. பதினான்கு. பதினைந்து என்று போட்டிருக்கலாமே. பன்னிரண்டு. ஒரு டஜன் என்றால் எழுதவும் லேசு. எழுதுகிறவனுக்கு எண்ணுக்கா பஞ்சம், வானத்தில் நட்சத்திரம் எத்தனை என்று அதே பாகத்தில் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறான், இதை மட்டும் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறான். கடைசி நாற்காலி, எண்ணிவிட்டுச் சோறு, தளர்ந்த கேபிள். பத்துப் பாகமாக அவன் எங்கே இருந்து எடுத்தான் என்று குலசிங்கத்துக்கு முதுகுத்தண்டு வழியாகத் தெரிந்துகொண்டே வந்தது, மேலிருந்து கீழே, ஒவ்வொரு எலும்பாக. பஸ்ஸில் கூட வந்தபோது பார்த்திருக்கிறான். சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறான். வயரைத் தளர்த்தினபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறான். பார்த்துப் பார்த்து ஒரு ஆளையே தைத்து, தைத்த சட்டையை அவருக்கே போட்டுவிட்டு, பொருந்துதாண்ணே என்று கேட்டிருக்கிறான். பொருந்துது தம்பி என்று அவரும் தோளை ஆட்டிக் காட்டியிருக்கிறார்.

"முதல் லூப் வெறும் மூச்சுதாண்ணே. டயலாக் இல்ல. பயந்து மூச்சு விடறான். கோ."

திரையில் கோட்டயத்துக்காரர் கண்ணாடிக் கவசத்துக்குள் வாயைத் திறந்தார். குலசிங்கம் மூச்சு விட்டார். இந்த மூச்சு அவருக்கு மனப்பாடம். கடல்நீரேரியின் உப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மூச்சு, பின்னிரவு முடிந்து கிழக்கு இன்னும் வெளுக்காத நேரம், ஆறு மாசம் முன்புதான் கலியாணம் முடித்திருந்தார், தவமலரை அதற்கு முந்தின கிழமை அக்கரையில் கொண்டுபோய் விட்டாயிற்று, திரும்பி வந்து அவள் அண்ணன் நவரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு வந்தது. மோட்டர் பூட்டின தோணி ஒன்று, அதில் இருபது பேர், பின்னால் நைலான் கயிற்றில் கட்டி இழுக்க மோட்டர் இல்லாத தோணி ஒன்று. அப்படித்தான் அந்த நாளில் சனம் நீரேரி கடந்தது, மண்ணெண்ணெய்க்கு அவ்வளவு தட்டுப்பாடு. முன் தோணியில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றபோது நவரத்தினம் சொன்னார், நீ ஏறு குலம், நான் பின்னாலை வாறன், பின்னாலைதான் காத்து நல்லா வரும். பகிடியாக, சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் எப்போதும் பகிடிதான், கலியாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றுகொண்டு மாப்பிள்ளைக்கே காதில் பகிடி சொல்லி, ஐயர் முறைத்தார். நேவிப் படகின் வெளிச்சம் வந்தது. முதலில் அது அழகாகத்தான் இருந்தது, தண்ணீரில் ஒரு வெள்ளைப் பாதை போட்டதுபோல. பிறகு துப்பாக்கிச் சூடு. ஓட்டி எஞ்சினை முறுக்கினான், எஞ்சின் கத்தியது, தோணி நின்ற இடத்திலேயே நின்ற மாதிரி. ஓட்டி திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னான். பாரம். வேறொன்றும் சொல்லவில்லை. வெட்டு என்று சொல்லவில்லை. முப்பது வருஷமாக இந்த ஒரு சொல்லை அவர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அதன் அடியில் எங்காவது ஒரு கட்டளை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. இல்லை. பாரம் என்றால் பாரம்தான். மீன் அரிகிற கத்தி காலடியில் கிடந்தது.

"சூப்பர்ணே. ஒரே டேக். எப்படிண்ணே இப்படி, நிஜமாவே யாரோ துரத்துற மாதிரி" என்றாள் கஸ்தூரி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல பெண், மதியம் தயிர்சாதத்தில் பாதியைத் தந்துவிடுவாள். அவளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சோபாவில் அருள்நம்பி உட்கார்ந்திருந்தான். போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் ஒன்றும் இல்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது, திரை கறுப்பாக இருந்தது. கஸ்தூரி யாரோ எடிட்டர் கூப்பிடுகிறார் என்று எழுந்து வெளியே போனாள், ரெண்டே நிமிஷம்ணே என்று விரலைக் காட்டிவிட்டு. குலசிங்கம் மைக்கைப் பார்த்துக்கொண்டே, "தம்பி" என்றார். அருள்நம்பி வந்து, உள்ளே இருப்பவரோடு பேசுகிற டாக்பேக் பொத்தானை அழுத்தினான்.

"சொல்லுங்கண்ணே."

"பதினாலுன்னு போட்டிருக்கு."

அருள்நம்பி பொத்தானை விட்டு மறுபடி அழுத்தினான். "மாத்திடலாம்ணே. அது ஒண்ணும் பிரச்னை இல்ல."

"மண்ணுக்குள்ள உங்களோட வரும்னு சொன்னீங்க."

"அண்ணே, இது நீங்க இல்ல. மெய்யன். அவன் இருக்கறது வேற கிரகம். கேபிள், கலம், எல்லாம் வேற. யாருக்குத் தெரியப்போகுது?" பிறகு குரலைத் தாழ்த்தி, பிரியமாகத்தான், அதுதான் கொடுமை, உண்மையிலேயே பிரியமாகத்தான் சொன்னான். "நீங்களே எழுந்து நின்னு இது என் கதைன்னு சொன்னாலும் எவன் நம்புவான்? கோழிக்கூட்டுல முட்டை போட்ட ஆளுண்ணே நீங்க."

இவர் ரகசியம் மண்ணுக்குள் தன்னோடுதான் வரும் என்று அவன் சொன்னது ஒரு ஆஸ்பத்திரி நடையில். இரண்டு வருஷம் இருக்கும். உள்ளே அவன் அம்மாவின் உயிர் போய்க்கொண்டிருந்தது. அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டான். அம்மா மயங்கி விழுவதற்கு முன் மூன்று தரம் போன் பண்ணினாளாம், கதை ஓடிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லையாம், ஒரு வரி முடியட்டும் என்று விட்டானாம். அவனைச் சமாதானப்படுத்த குலசிங்கம் முதலில் ஒரு புளுகை எடுத்தார். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, ஒரு செத்த கிழவி மூன்றாம் நாள் எழும்பி வந்து போன் பில் கேட்ட கதை. அவன் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. இரண்டு வீட்டார் சம்பந்தம் பண்ணும்போது தட்டு மாற்றுவது மாதிரி, அவன் ஒரு வெட்கத்தை வைத்தான், இவரும் ஒன்றை வைக்க வேண்டியிருந்தது. வைத்தார். தோணி, கயிறு, கத்தி, பதினான்கு பேர், மச்சான். ஆயுளில் ஒரே ஒருமுறை, புளுகே சேராமல், பழுப்பு முட்டை இல்லாமல். அவன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கை சுட்டது. அவன் அழுததும் பொய்யில்லை, இவர் அழுததும் பொய்யில்லை. அப்போதே அவனுக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒரு பென்சில் சீவிக்கொண்டிருந்ததா, அல்லது பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு உட்கார்ந்த பிறகுதானா? இதைத்தான் குலசிங்கம் இப்போது அறிய விரும்பினார், வேறு எதையும் விட. கை சுட்டபோது பென்சில் இருந்ததா? பிடித்துக்கொண்ட கை எழுதுகிற கைதானே.

"வீட்டில அவ இதைப் பாப்பாளே" என்றார்.

"அதுக்குத்தாண்ணே அந்தக் கடைசி வரி. நாலாவது லூப். படிங்க. அக்காவை மனசுல வச்சுத்தான் எழுதினேன், சத்தியமா."

அவர் படிக்கவில்லை. படிக்கவேண்டிய தேவை என்ன, லூப் வந்ததும் வாய்க்கு வரும். தவமலரைத்தான் நினைத்தார். அவளுக்குத் தெரிந்த கதையில் கயிறு அறுந்தது. தானாக. அந்தக் கதையை அவர் வாயால் சொல்லவில்லை. கரை வருமுன்னே, குண்டுக்குத் தலைகுனிந்து கிடந்த சனம் காணாமல், தோணியின் பின்பக்கம் குந்தியிருந்து, கத்தி வெட்டின நுனியைப் பல்லால் பிய்த்துப் பிய்த்து, இழை இழையாகப் பிரித்து, நைந்து அறுந்ததுபோல ஆக்கினார். ஈறு கிழிந்து ரத்தம் உப்பாக வந்தது. அவர் சொன்ன முதல் புளுகு அது, பல்லால் சொன்னது. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அதை மூடிப் போட்ட மண். அக்கரையில் அவள் அந்தக் கயிற்று நுனியைக் கையில் வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பிறகு கயிறு விற்ற கடைக்காரனைச் சபித்தாள். இன்றைக்கும் சபிக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் திவசத்தன்று படையலுக்கு முன்னால் பதினான்கு பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லுவாள், கடைசியாக அண்ணன் பெயர், பிறகு பெயர் தெரியாத அந்தக் கடைக்காரனுக்கு ஒரு வாய் நெருப்பு. உக்கின கயிறை வித்தவன்ட குடி விளங்காது. குலசிங்கம் பக்கத்தில் கை கூப்பிக்கொண்டு நிற்பார். அந்தக் கடைக்காரன் நல்ல கயிறு விற்றவன். மூன்று இழுவை வேண்டியிருந்தது, அறுக்க. அவனைப் போல ஒரு பாவப்பட்டவன் உலகத்தில் இல்லை, இன்றைக்கு எந்த நாட்டில் எந்தக் கடையில் இருக்கிறானோ, வருஷத்துக்கொரு நாள் காரணமில்லாமல் அவனுக்கு நெஞ்சு எரியும். வெள்ளிக்கிழமை அவள் டிவி முன்னால் உட்காருவாள். பின்னால் கட்டி இழுத்த கூண்டு. பதினான்கு. கேபிள். அவள் கெட்டிக்காரி, கணக்குப் பாடத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. அதுவும் அறுக்கிறேன் என்று சொல்லப்போவது யாருடைய குரல்? காலையில் தேத்தண்ணி கேட்கிற குரல்.

கஸ்தூரி வந்துவிட்டாள். "சாரிண்ணே. ரெண்டாவது லூப். 'பாரம் தாங்கலை, கேப்டன்.' கோ." குலசிங்கம் சொன்னார். ஓட்டியின் சொல்லைத் தூக்கி மெய்யன் வாயில் வைத்திருக்கிறான். இருக்கட்டும். மூன்றாவது லூப். "'அறுக்கிறேன்.' ஒரே வார்த்தை, ஆனா லிப் ஸ்லோவா மூடுது பாருங்க. கோ." திரையில் கோட்டயத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார், கன்னத்தில் கிளிசரின். குலசிங்கம் அந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, தொண்டை கட்டிப்போச்சு தாயி, ஆளை மாத்து என்று சொல்லலாம். அப்புறம் வெள்ளிக்கிழமை மெய்யனுக்கு வேறு குரல் வரும், தவமலர் திரும்பி, ஏனப்பா இண்டைக்கு நீங்கள் பேசேல்லை என்பாள், அதற்கு ஒரு கதை கட்ட வேண்டும். கட்டலாம், அது அவருக்குக் கை வந்தது. ஆனால் உதடு மூடத் தொடங்கிவிட்டது, முப்பது வருஷப் பழக்கம், மூடுகிற உதட்டைக் கண்டால் தொண்டை தானாகத் திறந்துவிடும், வாசலில் மணி அடித்ததும் நாய் எழும்புவது மாதிரி. "அறுக்கிறேன்" என்றார். நன்றாகச் சொன்னார். அதில் ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப் பார்த்தது, வெட்கங்கெட்ட பெருமை, இதைவிட எவனும் சொல்ல முடியாது என்று. கண்ணாடிக்குப் பின்னால் அருள்நம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்துக்கொள், துடைத்துக்கொள்.

"லாஸ்ட். இது மெய்யன் இல்லண்ணே. கூண்டுல இருக்கறவர், அவன் சிநேகிதர், பின்னாலேர்ந்து ரேடியோல குரல் மட்டும் வருது. ஆள் தெரிய மாட்டார், லிப் கிடையாது. ஒரு வரிக்கு இன்னொருத்தரைக் கூப்பிட வேணாம், நீங்களே கொஞ்சம் மாத்திக் குடுத்துடுங்க." அதுவும் வழக்கம்தான். முகம் தெரியாத குரல்களை எல்லாம் அன்றைக்கு யார் அறையில் நிற்கிறாரோ அவரே கொடுத்துவிடுவது. காய்கறிக்காரன், போலீஸ்காரன், தூரத்தில் கூப்பிடுகிற யாரோ. குலசிங்கம் ஆயிரம் பின்குரல் கொடுத்திருக்கிறார். தாளைப் பார்த்தார். 'அறுத்துடு மெய்யா. எங்களைப் பத்தி யோசிக்காத. நீயாவது போ.' அக்காவை மனசுல வச்சு எழுதினது. ஓ, இதுதானா. நவரத்தினத்தின் வாயால் விடுதலைப் பத்திரம். கையெழுத்துப் போட குலசிங்கத்தின் தொண்டை. அவனுக்கு ஒரு கணம் நன்றி சொல்லத் தோன்றியது, அதை மறைத்து என்ன. தவமலர் இதைக் கேட்பாள், அழுவாள், திரும்பிப் பார்ப்பாள், அண்ணை தானே சொன்னவரோ என்பாள், ஓம் என்று தலையை ஆட்டினால் போதும். ஒரு தலையாட்டல். கடைக்காரனுக்கும் விடுதலை. இத்தனை வருஷம் எத்தனையோ கதை கட்டினாய் குலம், இந்த ஒன்றைக் கட்ட உனக்கு வரவில்லையே, இவனுக்கு வந்திருக்கிறது. மூச்சை உள்ளே இழுத்தார். நவரத்தினத்தின் குரல் தன்னுடையதை விடக் கொஞ்சம் மெல்லியது, மூக்கால் வரும், சொல்லின் கடைசியில் சிரிப்பு ஒட்டியிருக்கும். அந்தக் குரலை இதுவரைக்கும் ஒரு படத்திலும் ஒரு ஆளுக்கும் அவர் கொடுத்ததில்லை. அது உள்ளே, அடியில், பாசி பிடிக்காமல் அப்படியே இருந்தது.

"கோ."

திரை முழுக்கக் கறுப்பு, ஒரு கேபிள் மட்டும் விறைத்துக்கொண்டு போனது. அவர் குனிந்தார். கத்தி கயிற்றில் பட்டது. அறுபது அடித் தூரம்கூட இல்லை, வெளிச்சத்தில் பின் தோணியின் முனையில் மச்சான் எழும்பி நிற்பது தெரிந்தது, இவர் கயிற்றின் மேல் குனிந்திருப்பதைப் பார்க்கிறார், முதுகுதான் தெரிகிறது அவருக்கு, கத்தி தெரியவில்லை, கயிறு தளர்ந்துவிட்டது, இவன் முடிச்சுப் போடுகிறான் என்று நினைத்தார். நம்பிக்கொண்டுதான் கத்தினார்.

"இறுக்கிக் கட்டு, குலம்" என்றது மைக்குக்குள் நவரத்தினத்தின் குரல், மூக்கால், கடைசியில் கொஞ்சம் சிரிப்புடன். "விட்டுடாதை. இறுக்கிக் கட்டு."

கஸ்தூரி தாளைப் புரட்டுவது கேட்டது. "அண்ணே, அப்படி இல்லியே. 'அறுத்துடு மெய்யா'ன்னுல்ல இருக்கு. அப்புறம் ஏதோ வேற பேர் சொல்லிட்டீங்க." குலசிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரி நடையில்கூட இதைச் சொல்லவில்லை. தட்டில் எல்லாவற்றையும் வைத்தபோதும் இதை மடியில் கட்டி வைத்திருந்தார், சாகிறபோது கூடக் கொண்டுபோக, இது ஒன்றாவது. யாரும் களவெடுக்கவில்லை. அவர் நாக்கே எடுத்துக் கொடுத்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அருள்நம்பி எழுந்து நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது, முழுவதும் புரிந்துவிட்டது, அது அவன் கண்ணில் தெரிந்தது. இப்போது அழி என்று சொல்லுவான், டேக்கை அழி கஸ்தூரி, அண்ணனை வெளியே விடு என்று. குலசிங்கம் அதற்காகக் காத்தார். அந்த முகத்தில் அது வந்தது, வருவதை அவர் கண்டார், உதடுவரை வந்தது. பிறகு வேறொன்று அதை முந்திக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தது. அவன் கை சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்தது.

"அவன் கட்டறான்னு நெனச்சுட்டாரா" என்றான் மெதுவாக, டாக்பேக்கில், தனக்குத்தானே சொல்வதுபோல. "கடவுளே. இது... அண்ணே, இதையே வச்சுக்கலாம். என் வரியை விட இது எங்கேயோ போயிடுச்சு. பேரை மட்டும் மெய்யான்னு மாத்தி, ஒரே ஒரு தடவை, அதே மாதிரி. அந்தச் சிரிப்பு அப்படியே வேணும்."

அந்தச் சிரிப்பு அப்படியே வேணும். குலசிங்கம் ஹெட்போனைக் கழற்றித் தாங்கியில் மாட்டினார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை, அல்லது வந்து, யார் மேல் போவதென்று தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. அருள்நம்பிக்குத் துரோகி என்று பெயர் வைக்கலாம், வைத்தால் அந்தப் பெயரின் மூத்த பிள்ளை யார்? அவன் ஒரு வரியைத்தான் எடுத்தான். இவர் முடிச்சுப் போடுவதுபோல் குனிந்தவர். "பத்து நிமிஷம்" என்று கஸ்தூரியிடம் சைகை காட்டினார். அருள்நம்பி கதவருகே வந்து, அண்ணே, கோவமா என்றான். "இல்லை தம்பி" என்றார், சென்னைத் தமிழை மறந்து. "நீங்கள் எழுதுங்கோ. என்னட்டை இனி வேறை ஒண்டும் இல்லை."

வெளிப்படிக்கட்டில் வெயில் கொதித்தது. கீழே தெருவில் லாரி ஒன்று கரும்புச் சக்கையை ஏற்றிக்கொண்டு நின்றது. வீட்டுக்குப் போய் நேரில் சொல்லலாம் என்று ஒரு எண்ணம் வந்தது, அதுதான் மரியாதை, அவளை உட்காரவைத்து, கையைப் பிடித்து. ஆனால் அவருக்குத் தன்னைத் தெரியும். பஸ் ஏறினால் அசோக் நகர் தாண்டுவதற்குள் ஒரு கதை பிறந்துவிடும். ஓட்டி கத்தியை நீட்டினான் என்று வரும். குண்டு பட்டுக் கயிறு பாதி அறுந்திருந்தது என்று வரும். வீட்டு வாசல்படி ஏறும்போது நவரத்தினமே எழும்பி நின்று கையசைத்துவிடுவார், போ குலம் என்று, அருள்நம்பி எழுதினதைவிட அழகாக. அவ்வளவு நல்ல கதைசொல்லி அவர். அதனால் பஸ் கூடாது. யோசிக்க நேரம் கூடாது. போனை எடுத்தார், விரல் வழுக்கியது, வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"என்னப்பா, இந்த நேரத்திலை? சாப்பிட்டிட்டியளோ?"

"மலர்" என்றார். "கயிறு தானாய் அறுந்து போகேல்லை."

குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. "எந்தக் கயிறு? மொட்டை மாடியிலை கட்டினதோ? காலமை நல்லாத்தானே இருந்தது, நான் இப்பதானே உடுப்புக் காயப்போட்டிட்டு வாறன்."

அவளுக்கு அது ஞாபகமே இல்லை என்று இல்லை, கயிறு என்றதும் மனசு உடனே அந்த நீரேரிக்குப் போகாமலிருக்க அவள் எத்தனை வருஷம் எடுத்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, மாடியைப் பார்க்க ஜன்னல் பக்கம் போகிறாள். இப்போதும் ஆம் என்று சொல்லலாம். மாடிக் கயிறுதான் என்று சொல்லிவிடலாம், அவள் போய்ப் பார்த்துவிட்டு, உங்களுக்கு எப்பவும் புளுகுதான் என்று சிரிப்பாள்.

"இல்லை மலர்" என்றார் குலசிங்கம். "உன்ட அண்ணை இருந்த தோணியின்ட கயிறு. நான் சொல்லி முடியுமட்டும் போனை வைச்சிடாதை."